கொடை உள்ளே போன பிறகு: மேற்குக் கென்யாவின் கிராமப் பள்ளிகளும் தொண்டு நிறுவனங்களும்

1. கேள்வி

ஆப்பிரிக்கக் கிராமப் பள்ளிக்கு உதவுவது பற்றி இரண்டு கதைகள் நெடுநாளாகப் புழக்கத்தில் இருக்கின்றன. முதலாவது தொண்டு நிறுவனங்களின் ஆண்டறிக்கைகளில் வருவது. மண்சுவர் வகுப்பறை இருந்த இடத்தில் செங்கல் கட்டடம் எழுகிறது, சீருடையும் புத்தகமும் வருகின்றன, பிள்ளைகள் புகைப்படத்தில் சிரிக்கிறார்கள். இரண்டாவது அதன் மறுதலிப்பு. வெளிப்பணம் ஊரைக் கையேந்த வைக்கிறது, சொந்த முயற்சியைக் கெடுக்கிறது, கடைசியில் கொடுத்தவரின் மனநிறைவுதான் மிச்சம் என்று அது சொல்கிறது. ஒன்றையொன்று மறுக்கும் இந்த இரண்டு கதைகளுக்கும் ஒரு குறை பொது. பணம் வருவதற்கு முன் அந்தப் பள்ளியில் எதுவுமே இல்லாததுபோல் இரண்டும் பேசுகின்றன. கட்டணப் பாக்கிப் பட்டியல், கமிட்டித் தலைவர், பக்கத்து ஊர்ப் பள்ளியோடு போட்டி, தலைநகரிலிருந்து வரும் ஆசிரியர் சம்பளம், எட்டாம் வகுப்பின் முடிவில் காத்திருந்த பொதுத்தேர்வு எல்லாம் அங்கே முன்பே இருந்தன.

கொடுக்கப்பட்ட பொருள் இந்த ஏற்பாட்டுக்குள் போன பிறகு என்ன ஆகிறது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. ஒரு பள்ளியை மட்டும் தத்தெடுக்கும் உதவி பெரும்பாலும் பிள்ளைகளையும் செலவையும் ஒரு பள்ளியிலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்துகிறது என்பதும், 'சில ஆண்டுகளில் ஊரே பார்த்துக்கொள்ளும்' என்ற நன்கொடையாளர் நிபந்தனை ஏழை ஊரின் மீது மட்டும் சுமத்தப்படும் விசித்திரமான விதி என்பதும் என் வாதம்.

இதைச் சோதிக்க மேற்குக் கென்யாவின் புசியா மாவட்டத்தைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. உகாண்டா எல்லையை ஒட்டி, விக்டோரியா ஏரிவரை நீளும் பகுதி அது. லுஹியா, லுவோ, டெசோ இனக்குழுக்கள் அங்கே கலந்து வாழ்கின்றன. 1980களில் மேற்குக் கென்யாவில் ஓராண்டு பள்ளி ஆசிரியராக இருந்த மைக்கேல் கிரெமர், பின்னர் பொருளியலாளராகத் திரும்பி வந்து, ஐ.சி.எஸ். என்ற டச்சுத் தொண்டு நிறுவனத்தின் பணிகளை ஒட்டி ஆய்வுகளைத் தொடங்கினார். எல்லாப் பள்ளிகளுக்கும் ஒரே நேரத்தில் கொடுக்க நிறுவனத்திடம் பணமில்லை. ஆகவே எந்தப் பள்ளிக்கு முதலில் கொடுப்பது என்பதை யாருடைய விருப்பத்துக்கும் விடாமல் தீர்மானித்து, கிடைத்த பள்ளியையும் கிடைக்காத பள்ளியையும் ஒப்பிட்டார்கள். 2019இல் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ ஆகியோருடன் கிரெமருக்கு நோபல் பரிசு கிடைத்ததற்கு அடித்தளமான வேலைகளில் இதுவும் ஒன்று.

2. பள்ளி யாருடையது?

கென்யாவில் ஊர்மக்கள் பள்ளி கட்டியது வெளிநாட்டு நன்கொடையாளர்கள் கற்றுத் தந்த பழக்கம் அல்ல. 1929இல் மிஷன் தேவாலயங்களோடு ஏற்பட்ட பிணக்குக்குப் பிறகு கிகுயு மக்கள் தங்கள் சொந்தச் செலவில் சுதந்திரப் பள்ளிகளை நடத்தினார்கள். அவற்றுக்கு ஆசிரியர்களை உருவாக்க 1939இல் கிதுங்குரியில் ஒரு கல்லூரியும் எழுந்தது. 1952இல் நெருக்கடிநிலையை அறிவித்த காலனி அரசு இந்தப் பள்ளிகளை மூடியது. விடுதலைக்குப் பிறகு நாட்டின் தலைவரான ஜோமோ கென்யாட்டா அந்தப் பழைய ஊக்கத்தையே 'ஹராம்பீ' என்ற முழக்கமாக்கினார். நாட்டின் இலச்சினையிலும் அச்சொல் ஏறியது. ஊர் கூடி வசூல் செய்து பள்ளி, மருந்தகம், கால்நடைத் தொட்டி என்று கட்டினார்கள். 1970களில் அரசு உயர்நிலைப் பள்ளிகளைவிட ஹராம்பீ உயர்நிலைப் பள்ளிகளின் எண்ணிக்கை அதிகமாயிற்று.

இந்த ஏற்பாட்டின் உள்கணக்கைக் கவனிக்க வேண்டும். சுவரும் கூரையும் பெஞ்சும் ஊரின் பொறுப்பு. பள்ளி எழுந்து அங்கீகாரம் கிடைத்துவிட்டால் ஆசிரியர் சம்பளம் மைய அரசின் பொறுப்பு. செலவில் ஆகப் பெரிய பகுதி சம்பளம்தான். அப்படியானால் ஒவ்வொரு சிற்றூருக்கும், ஒவ்வொரு குலப்பிரிவுக்கும், ஒவ்வொரு சபைக்கும் தனக்கென ஒரு பள்ளியைத் தொடங்கிவிடுவதே லாபம். கிரெமர், சில்வி மூலான், ராபர்ட் நமுன்யு மூவரும் எழுதிய ஆய்வு இதைத்தான் சுட்டுகிறது: பள்ளிகள் தேவைக்கு மேல் பெருகின, சிறியனவாக இருந்தன, கட்டணத்தை ஏழைப் பெற்றோரால் தாங்க முடியாத அளவில் வைத்தன. ஊர்ப் பங்கேற்பு என்று இன்று மேடைகளில் புகழப்படுவதன் மறுபக்கம் இது.

கட்டணம் என்றால் என்ன என்பதைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்கலாம். 1974இல் தொடக்க வகுப்புகளுக்குக் கல்விக் கட்டணத்தைக் கென்யாட்டா நீக்கினார். அந்த இடத்தில் கட்டட நிதி என்ற வசூல் முளைத்தது. 1980களின் பிற்பகுதியில் செலவுப் பகிர்வுக் கொள்கை வந்தபின் தேர்வுத்தாளுக்கு ஒரு தொகை, சாக்பீஸுக்கு ஒரு தொகை, விளையாட்டுக்கு ஒரு தொகை என்று நீண்டது. பாக்கி வைத்த வீட்டுப் பிள்ளையை நிரந்தரமாக நீக்க முடியாது. ஆனால் பருவத்தின் நடுவே ஒரு காலையில் தலைமையாசிரியர் பெயர்களை வாசிப்பார், அந்தப் பிள்ளைகள் பையை எடுத்துக்கொண்டு சோளக்காட்டு வழியே வீட்டுக்குத் திரும்புவார்கள். அப்பனிடம் பணமிருந்தால் மறுநாள் வரலாம், இல்லாவிட்டால் அறுவடைவரை வீட்டில் இருக்கலாம்.

வசூலை வற்புறுத்தும் வலுவும் எல்லாப் பள்ளிக் கமிட்டிக்கும் ஒரேமாதிரி இல்லை. எட்வர்ட் மிகெலும் மேரி கே குகெர்ட்டியும் புசியாவில் செய்த ஆய்வில், பல இனக்குழுக்கள் கலந்திருந்த பள்ளிகளில் உள்ளூர் வசூல் குறைவாக இருந்தது தெரிந்தது. லுஹியா கமிட்டிக்காரர் லுவோப் பெற்றோரைக் கூட்டத்தில் பெயர் சொல்லிக் கண்டிக்கத் தயங்குகிறார். அந்தத் தயக்கம் தெரிந்தபின் கட்டாமல் இருப்பது எளிதாகிறது. மிகெல் இதைத் தான்சானியாவின் மெயாட்டு மாவட்டத்தோடு ஒப்பிட்டபோது, அங்கே இனக்கலப்புக்கும் வசூலுக்கும் அப்படி ஒரு தொடர்பு இல்லை. தான்சானியாவின் தலைவராக இருந்த ஜூலியஸ் நைரேரே காலத்தின் தேச ஒருமைப்பாட்டுக் கொள்கையே காரணம் என்பது அவர் விளக்கம். இரண்டே மாவட்டங்களை வைத்து இரண்டு தேசங்களின் வரலாற்றைத் தீர்ப்பது துணிச்சல்தான். என்றாலும் 'ஊர்' என்று ஒருமையில் பேசி நிதி கொடுப்பவர்களுக்கு இந்த ஒப்பீடு ஒரு நல்ல இடையூறு.

3. கொடுத்தவையும் நடந்தவையும்

ஐ.சி.எஸ். முதலில் செய்தது பலருக்கும் பழக்கமான வேலை. பின்தங்கிய 14 பள்ளிகளிலிருந்து 7ஐத் தேர்ந்து சீருடை, பாடநூல், வகுப்பறைக் கட்டடம் கொடுத்தது. அப்போது ஒரு சீருடையின் விலை ஏறக்குறைய 6 டாலர். நகரத்து வாசகருக்கு அற்பமாகத் தோன்றும் இந்தத் தொகை, நான்கைந்து பிள்ளைகள் உள்ள வீட்டில் யாரைப் படிக்க வைப்பது என்ற முடிவையே மாற்றக்கூடியது. ஐந்தாண்டு கழித்துப் பார்த்தபோது, உதவி பெற்ற பள்ளிகளில் தொடக்கத்தில் இருந்த பிள்ளைகள் மற்றவர்களைவிட ஏறத்தாழ 15 விழுக்காடு கூடுதலாகப் படிப்பை முடித்திருந்தார்கள். இடைநிற்றல் குறைந்திருந்தது. இதுவரை ஆண்டறிக்கைக் கதை சரியே.

ஆனால் சுற்றுப்பள்ளிகளின் பிள்ளைகளும் இந்த ஏழு பள்ளிகளை நோக்கி வந்து சேர்ந்தார்கள். வகுப்பின் அளவு 50 விழுக்காடு பெருத்தது. தேர்வு மதிப்பெண் இதனால் சரியவில்லை. நெரிசலைப் பொறுத்துக்கொண்டாலும் செலவு குறைந்தால் போதும் என்று பெற்றோர் கணக்குப் போட்டார்கள் என்பதே ஆய்வாளர் முடிவு. எனக்கு இதில் வேறொரு சங்கதி உறுத்துகிறது. பிள்ளைகள் வெளியேறிய பள்ளிகளுக்குக் கட்டண வருமானமும் கூடவே வெளியேறியிருக்கும். அங்கே தங்கிவிட்டவர்கள் யார்? தூரம் நடக்க முடியாத சிறியவர்கள், மாறுதலுக்கு அலைய ஆளில்லாத வீட்டுப் பிள்ளைகள் என்றுதான் ஊகிக்க வேண்டியிருக்கிறது. நன்கொடையாளரின் புகைப்படத்தில் அந்தப் பள்ளி வராது.

முன்மழலைப் பள்ளிகளில் காலைக் கஞ்சி கொடுத்த திட்டம் இதை இன்னும் துல்லியமாகக் காட்டுகிறது. கிறிஸ்டல் வெர்மீர்ஷும் கிரெமரும் 50 பள்ளிகளை எடுத்து, அவற்றில் 25இல் கஞ்சி ஊற்ற ஏற்பாடு செய்தார்கள். வருகை 30 விழுக்காடு கூடியது. ஆனால் கஞ்சி காய்ச்சி, ஆற்றி, ஊற்றி, குவளை கழுவி முடிப்பதற்குள் பாடவேளை தேய்ந்தது. ஆசிரியர் ஏற்கெனவே அனுபவம் உள்ளவராக இருந்த பள்ளிகளில் மட்டுமே மதிப்பெண் உயர்ந்தது. வேடிக்கையான பகுதி இனிமேல்தான். கஞ்சி கிடைத்த பள்ளிகள் கட்டணத்தை உயர்த்தின, அருகிலிருந்த கஞ்சி இல்லாத பள்ளிகள் குறைத்தன. இலவசமாக வந்த உணவின் மதிப்பில் ஒரு பங்கைப் பள்ளி பெற்றோரிடமிருந்து காசாகத் திரும்ப வாங்கிக்கொண்டது. இதில் யாரையும் திருடர் என்று சொல்ல முடியாது. காசில்லாத கமிட்டி, கிராக்கி கூடியதும் விலையைக் கூட்டியது, அவ்வளவே.

பாடநூல் கதை வேறு வகை. 1996இல் 25 பள்ளிகளுக்கு அரசு அங்கீகரித்த பாடநூல்கள் வழங்கப்பட்டன. புத்தகமே இல்லாத வகுப்பறைக்குப் புத்தகம் கொடுத்தால் படிப்பு உயரும் என்பதில் யாருக்குத்தான் சந்தேகம் வரும்? பால் குளூவி, கிரெமர், மூலான் மூவரும் கணக்கிட்டபோது சராசரி மதிப்பெண்ணில் மாற்றமே இல்லை. முன்பே நன்றாகப் படித்த மாணவருக்கு மட்டும் பலன் கிடைத்திருந்தது. காரணம் புத்தகத்துக்குள்ளேயே இருந்தது. வீட்டில் பேசுவது லுஹியாவோ லுவோவோ டெசோவோ, வெளியில் சுவாஹிலி, மூன்றாவதாக வருவது ஆங்கிலம். நான்காம் வகுப்பிலிருந்து பாடம் ஆங்கிலத்தில். சாதாரண மாணவரால் அந்தப் புத்தகத்தை வாசிக்கவே முடியவில்லை. நாடு முழுமைக்கும் ஒரே பாடத்திட்டம், அதை வகுத்தவர்களின் கண்முன் இருந்தது நகரத்து நல்ல பள்ளி. புத்தகத்தை வாங்கிய நன்கொடையாளர் அந்தப் பாடத்திட்டத்தின் சாய்வையும் சேர்த்தே வாங்கினார். சுவரில் தொங்கவிடும் பெரிய படத்தாள்களைக் கொடுத்துப் பார்த்த இன்னோர் ஆய்வில், 178 பள்ளிகளில் பாதிக்குக் கொடுத்தும், எந்த விளைவும் தெரியவில்லை.

4. மாத்திரையும் தற்சார்பும்

1998இல் புடலங்கி, ஃபுன்யுலா பகுதிகளின் 75 தொடக்கப் பள்ளிகளில் குடற்புழு நீக்க மாத்திரை கொடுக்கும் திட்டம் தொடங்கியது. 30,000க்கும் மேற்பட்ட மாணவர்கள். சிகிச்சைக்கு முன் சோதித்தவர்களில் 92 விழுக்காட்டினரின் வயிற்றில் ஏதாவதொரு புழு இருந்தது. 25 பள்ளிகளாக மூன்று பிரிவு பிரித்து, வெவ்வேறு ஆண்டுகளில் மாத்திரை போய்ச் சேர்ந்தது. பள்ளிக்கு வராமை கால் பங்கு குறைந்தது. தேர்வு மதிப்பெண் உயரவில்லை. மாத்திரை உண்ணாத பிள்ளைகளுக்கும் நன்மை கிடைத்தது, ஏனென்றால் மண்ணில் விழும் முட்டைகள் குறைந்தன. சீருடையைப் போலப் பக்கத்துப் பள்ளியிலிருந்து பிள்ளைகளை இழுக்காமல், பக்கத்து ஊருக்கும் பலனைக் கசியவிட்ட கொடை இது ஒன்றுதான்.

இந்த முடிவுகள் சர்ச்சைக்குத் தப்பவில்லை. 2015இல் லண்டன் பொதுசுகாதார ஆய்வாளர்கள் மூலத்தரவை மீண்டும் கணக்கிட்டு, தூரத்துப் பள்ளிகளுக்குப் பரவிய பலன் பற்றிய கணக்கில் பிழைகள் இருந்ததைக் காட்டினார்கள். பல நாட்டுச் சோதனைகளைத் தொகுக்கும் காக்ரேன் மதிப்பாய்வுகளோ, மொத்தமாக மாத்திரை கொடுப்பதால் எடையிலும் படிப்பிலும் சராசரி முன்னேற்றம் தெரியவில்லை என்றன. மறுபுறம், அதே புசியாப் பிள்ளைகளை 20 ஆண்டு தொடர்ந்து சென்று பார்த்த 2021ஆம் ஆண்டு ஆய்வு, கூடுதல் ஆண்டுகள் மாத்திரை பெற்றவர்களின் நுகர்வுச் செலவு 14 விழுக்காடு அதிகம் என்கிறது. புழு குறைவான ஊர்களையும் நிறைவான ஊர்களையும் ஒன்றாகக் கூட்டிச் சராசரி எடுப்பதில் சிக்கல் இருக்கிறது என்பது என் கருத்து. புசியாவைப் பொறுத்தவரை செலவை வைத்துப் பார்த்தால் மாத்திரையின் பக்கமே தட்டு தாழ்கிறது.

இத்திட்டத்தில் அதிகம் பேசப்படாத ஒரு கிளை உண்டு. நன்கொடையாளருக்கு நெடுநாளாகவே ஒரு கவலை: நாங்கள் போனபின் என்ன? 2001இல் சில பள்ளிகளில் பெற்றோரும் ஒரு பங்கு கட்ட வேண்டும் என்று வைத்தார்கள். ஒரு பிள்ளைக்குச் சராசரியாக 30 அமெரிக்க சென்ட். இலவசமாகக் கொடுத்த பள்ளிகளில் 75 விழுக்காட்டினர் மாத்திரை எடுத்துக்கொள்ள, காசு கேட்ட பள்ளிகளில் அது 18 விழுக்காடாக விழுந்தது. கால் கழுவு, செருப்புப் போடு, ஏரித் தண்ணீரில் இறங்காதே என்ற சுகாதார வகுப்புகளும் பழக்கத்தை மாற்றவில்லை. கிரெமரும் மிகெலும் இந்தக் கட்டுரைக்கு வைத்த தலைப்பே தற்சார்பு என்பது மாயை என்று பொருள்படுவது.

அத்தலைப்பை நான் இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோவேன். பணக்கார நாட்டின் நகராட்சிப் பள்ளி எதுவும் மூன்றாண்டில் தன் காலில் நிற்க வேண்டும் என்று கேட்கப்படுவதில்லை. அதன் சம்பளமும் மின்கட்டணமும் ஒவ்வோர் ஆண்டும் யாரோ கட்டும் வரியிலிருந்து வருகின்றன, வந்துகொண்டே இருக்கும் என்பதை எவரும் குறையாக எண்ணுவதில்லை. கையில் ரொக்கம் மிகக் குறைவாக உள்ள விவசாயிகளிடம் மட்டும் அந்தத் தற்சார்பை எதிர்பார்ப்பதும், அது நடக்காதபோது ஊரின் அக்கறையின்மை என்று எழுதுவதும் நியாயமில்லை. மாத்திரையே பின்னாளில் நிலைத்தது எப்படி என்று பார்த்தால், 2012 முதல் தேசியத் திட்டமாகி, ஆண்டுதோறும் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளைச் சென்றடைந்தது. அரசு நிர்வாகமும் தொடர் வெளிநிதியும் சேர்ந்தே அதைச் சாதித்தன.

5. சோதிக்கப்பட்டவர்கள்

ஒரே மாவட்டத்தில் இத்தனை சோதனைகள் நடந்ததில் ஒரு சங்கடம் இருக்கிறது. அங்குள்ளவர்களுக்கு ஐ.சி.எஸ். வண்டி என்னவாகத் தெரிந்திருக்கும்? ஒரு பள்ளிக்குக் கொடுக்கிறது, அடுத்ததற்குக் கொடுப்பதில்லை, ஆனால் இரண்டுக்கும் வந்து பிள்ளைகளை எண்ணிவிட்டுப் போகிறது.

2001இல் பக்கத்து டெசோ மாவட்டத்தில் ஒரு பள்ளியின் மேல் இடி விழுந்து ஏழு மாணவர்கள் இறந்தார்கள். அப்போது நிறுவனம் ஆறாம் வகுப்புச் சிறுமிகளுக்கான உதவித்தொகைத் திட்டத்தை நடத்திக்கொண்டிருந்தது. இடி விழுந்த பள்ளி அதில் இல்லை, ஆனால் நிறுவனத்தின் வேறோர் உதவியைப் பெற்றிருந்தது. அதுபோதும். இடிக்கும் நிறுவனத்துக்கும் தொடர்புண்டு என்ற பேச்சு கிளம்பி, டெசோவின் சில பள்ளிகள் திட்டத்திலிருந்தே விலகின. புசியாவில் அதே உதவித்தொகை மாணவிகளின் மதிப்பெண்ணை உயர்த்தியது. டெசோவில் நம்பகமான பலன் தெரியவில்லை. இதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிடுவது சுலபம். விளக்கம் இல்லாமல் வந்து விளக்கம் இல்லாமல் தேர்ந்தெடுக்கும் ஒரு சக்தியைப் பற்றி அந்த ஊர்க்காரர்கள் எப்படி வேறுவிதமாக யோசித்திருக்க வேண்டும் என்றும் கேட்டுக்கொள்ளலாம்.

6. கட்டணம் போனது, ஆசிரியர் பிரச்சினை நின்றது

2003 ஜனவரியில் ம்வாய் கிபாகி அரசு தொடக்கக் கல்விக் கட்டணத்தை ஒரே நாளில் ஒழித்தது. மாணவர் எண்ணிக்கை ஏறத்தாழ 59 லட்சத்திலிருந்து 72 லட்சமாயிற்று. மறு ஆண்டு எல்டொரெட்டில் கிமானி மருகே என்ற 84 வயதுக்காரர் முதல் வகுப்பில் சேர்ந்து உலகச் செய்தியானார். ஒரு மாணவருக்கு ஆண்டுக்கு 1,020 ஷில்லிங் அரசே பள்ளிக்குக் கொடுத்தது. பள்ளிபள்ளியாகப் பத்தாண்டு நடந்த தொண்டு எதுவும் எட்டாத அளவு இது. வசதியுள்ளவர்கள் நெரிசலைக் கண்டு பிள்ளைகளைத் தனியார் பள்ளிக்கு மாற்றத் தொடங்கியதும் இதன் தொடர்ச்சியே. அவர்களோடு கமிட்டியில் குரல் எழுப்பக்கூடியவர்களும் போனார்கள்.

நெரிசலுக்கு மருந்தாக வந்ததுதான் ஒப்பந்த ஆசிரியர் யோசனை. டுஃப்லோ, பாஸ்கலின் டூபா, கிரெமர் மூவரும் 2005 முதல் 140 பள்ளிகளின் பெற்றோர் கமிட்டிகளுக்குப் பணம் கொடுத்து, முதல் வகுப்புக்கு ஒரு கூடுதல் ஆசிரியரை உள்ளூரில் அமர்த்தச் செய்தார்கள். சம்பளம் அரசு ஆசிரியருடையதில் கால் பங்கு. ஒப்பந்த ஆசிரியரிடம் படித்த பிள்ளைகள் முன்னேறினார்கள். வகுப்பு பாதியானதால் சுமை குறைந்த அரசு ஆசிரியர்களோ வகுப்புக்கு வருவதையே குறைத்துக்கொண்டார்கள். புதிய பணியிடங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று ஏற்கெனவே இருந்த ஆசிரியர்களின் உறவினருக்குப் போயிற்று. கமிட்டிக்குப் பயிற்சியும் கண்காணிக்கும் அதிகாரமும் கொடுத்த இடங்களில் இரண்டு கோளாறும் தணிந்தன.

அரசு இதை நாடு முழுதும் விரித்தபோது டெசா போல்டும் உடன் ஆய்வாளர்களும் எட்டு மாகாணங்களிலும் ஒரு சோதனை வைத்தார்கள். ஒரே திட்டம், சில பள்ளிகளில் தொண்டு நிறுவனம் நடத்தியது, சிலவற்றில் கல்வி அமைச்சகம். தொண்டு நிறுவனம் நடத்திய இடத்தில் மதிப்பெண் உயர்ந்தது. அமைச்சகம் நடத்திய இடத்தில் துளியும் உயரவில்லை. சம்பளம் தாமதமாக வந்தது, மேற்பார்வை இல்லை. இதைப் படித்துவிட்டு, அரசால் முடியாததைத் தொண்டு நிறுவனம் முடிக்கும் என்று மகிழ்பவர்கள் ஒரு கேள்வியைத் தாண்டிப் போகிறார்கள்: தொண்டு நிறுவனத்தால் எத்தனை பள்ளியில், எத்தனை ஆண்டு முடியும்?

கென்ய தேசிய ஆசிரியர் சங்கம் இந்தத் தேசியத் திட்டத்தின் 18,000 ஒப்பந்தப் பணியிடங்களை எதிர்த்து நீதிமன்றம் போனது. 2011இல் வேலைநிறுத்தம் செய்து அந்த ஆசிரியர்களை நிரந்தரப் பணிக்குள் கொண்டுவரும் வாக்குறுதியைப் பெற்றது. பொருளியல் கட்டுரைகளில் இந்தச் சங்கம் சீர்திருத்தத்தைக் கெடுத்த சக்தியாகவே தோன்றுகிறது. வகுப்புக்கு வராத அரசு ஆசிரியரைப் பற்றிச் சங்கம் வாய்திறக்கவில்லை என்பது உண்மை. ஆனால் கால் சம்பளத்தில் ஓராண்டு ஒப்பந்தத்தில் ஒருவரை வைத்துக்கொண்டு, அவருடைய உழைப்பைத் திட்டத்தின் வெற்றி என்று எழுதிக்கொள்வதை அவர்கள் ஏற்கவில்லை. அந்த இளம் ஆசிரியர்களில் பலர் அதே ஊர்க்காரர்கள், பயிற்சி முடித்துவிட்டு அரசு வேலைக்கு வரிசையில் காத்திருந்தவர்கள். ஹராம்பீ காலத்தில் கூரையாகவும் பெஞ்சாகவும் ஊர் கொடுத்ததை இப்போது அவர்கள் குறைச் சம்பளமாகக் கொடுத்தார்கள்.